கோணவாய்க்கு ஒரு வீடு

வியாழக்கிழமை காலை காப்பகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு குட்டி.

இருபத்தாறு கூண்டுகளில் இருபத்தைந்து காலி. கழுவிக் காயவிட்டு, கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாயிற்று. பழைய இரும்புக் கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். கடைசிக் கூண்டில் மட்டும் ஒரு கிழிந்த போர்வை, ஒரு தண்ணீர்க் கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் முன்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பழுப்புக் குட்டி.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். காப்பகத்தை நடத்திவந்த வாத்தியார் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய மகள் தூரத்தில் இருப்பவள், கெட்டவள் இல்லை. நிலத்தை விற்றபோதே வாங்கியவரிடம் பேசி, நாய்களுக்கு வீடு பார்க்க இரண்டு மாத அவகாசம் வாங்கித் தந்தாள். அந்த இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டு நாய்கள் வீடு போய்ச் சேர்ந்தன. கிழட்டு நாய் போயிற்று, மூன்று கால் நாய் போயிற்று, கண் தெரியாததுகூடப் போயிற்று. இந்தக் குட்டி மட்டும் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

காரணம் அதன் வாய். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஏதோ வண்டி இடித்து, தாடை உடைந்து சாக்கடையோரம் கிடந்த குட்டி அது. எலும்பு ஒட்டியது, கோணலாக ஒட்டியது. கீழ்த்தாடை இடது பக்கம் இழுத்துக்கொண்டதில் மேலுதடு தூக்கி, அந்தப் பக்கத்துப் பற்கள் எந்நேரமும் வெளியே தெரிந்தன. சந்தோஷத்தில் உடம்பே ஆட வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தாலும், பார்ப்பவர்களுக்குக் கடிக்க வருவதுபோலத்தான் இருக்கும். பால் குடித்தால் பாதி தரைக்குப் போகும். எல்லாரும் அதைக் கோணவாய் என்று கூப்பிட, அதுவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

முதல் வீட்டில் சோபா நனைகிறது என்று மூன்றாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் மறுநாளே வந்துவிட்டார்.

"எங்க பையனப் பார்த்து உறுமுதுங்க."

"உறுமல சார். அதோட மூஞ்சியே அப்படித்தான்."

"இருக்கலாம். நாங்க எதுக்குங்க வம்ப விலைக்கு வாங்கணும்?"

பதில் சொன்னவளை அங்கே எல்லாரும் மாத்திரை என்று கூப்பிடுவார்கள். எந்த நாயும் துப்பாமல் மாத்திரையை விழுங்கவைக்கும் கைப்பழக்கம் அவளுக்கு இருந்ததால் டாக்டரம்மா வைத்த பெயர். முப்பது வயது. நான்கு வருஷமாகக் கூண்டு கழுவுவது, மருந்து கொடுப்பது, ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை. வாத்தியார் போன பிறகு காப்பகம் என்றால் அவள்தான்.

அன்று காலை புது அட்டை ஒன்று எழுதினாள். 'தத்துக்கு: பெண் குட்டி. பத்து வாரம். சாது. நன்றாகச் சாப்பிடும்.' கடைசி வரியைப் படித்துப் பார்த்துவிட்டு அடித்தாள். படம் எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எப்படி எடுத்தாலும் ஊரையே கடித்துக் குதறப்போவதுபோல் விழுந்தது. கடைசியில் அது தூங்கும்வரை காத்திருந்து, கோணல் பக்கம் போர்வையில் புதையும்படி எடுத்துப் போட்டாள்.

மத்தியானத்துக்குள் ஏழு பேர் கூப்பிட்டார்கள்.

"என்ன ஜாதிங்க?"

"தெருவில எடுத்த குட்டிங்க."

"அது சரி, என்ன ஜாதி?"

அந்த ஆள் போனை வைத்துவிட்டார். இன்னொருவருக்கு ஆண் குட்டிதான் வேண்டும். ஒரு பெண் வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒருவர், குடோனில் கட்டிப்போட வேண்டும், ராத்திரி பகல் சங்கிலியிலேயே இருக்குமா என்றார். அவருக்குச் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். பிறகு தன்மேலேயே கோபம் வந்து, "இருக்காதுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு தம்பதி நேரிலேயே வந்தார்கள். புது வீடு, இருவரும் வங்கியில் வேலை, பிள்ளைகள் பெரியவர்கள். அந்த அம்மா செல்லமாக ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டைகூட வாங்கி வந்திருந்தாள். குட்டி தூக்கத்திலிருந்து எழுந்து, கொட்டாவி விட்டு, ஆசையோடு அந்த அம்மாவின் காலை நோக்கி ஓடியது. அவள் வீல் என்று கத்திக்கொண்டு கணவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"போட்டோவில இப்படி இல்லையே!"

"கடிக்காதுங்க. பாருங்க, என் விரல வாயில வைக்கிறேன். பாருங்க மேடம்."

"ஏமாத்திதானேம்மா வரவெச்சீங்க?" என்றார் கணவர். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. மாத்திரை அவர்கள் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

"ஒரு வாரம் மட்டும் வெச்சுப் பாருங்க. ஒரே வாரம். பிடிக்கலன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

"எங்க தூக்கிட்டுப் போவீங்க? அதான் நாளைக்கு மூடுறீங்களே."

அந்த அம்மா கழுத்துப்பட்டையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கைப்பையிலேயே போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

சாயங்காலம் மருந்துப் பெட்டிகளை எடுத்துப்போக டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயது, எதையும் போட்டு உடைப்பதுபோல் பேசுபவர்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு நகராட்சி வண்டி வரும். இடத்த வாங்கினவர் சொல்லிவெச்சிருக்கார். மிச்சம் இருந்தா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"அங்க எத்தனை நாள் வெச்சிருப்பாங்க, டாக்டர்?"

"மூணு நாள். நாலாவது நாள் ஊசி. அது நாம போடுற ஊசி இல்ல."

"உங்க கிளினிக்ல ஒரு மூலையில..."

"கிளினிக்ல இப்ப ரெண்டு நாய் ரத்த வாந்தியோட கிடக்கு. இந்தக் குட்டிய அங்க வெச்சா ஒட்டிக்கிட்டு ஒரு வாரத்துல போயிடும். வீட்ல பதினொண்ணு இருக்கு, பன்னெண்டாவது வந்தா என் வீட்டுக்காரர் கிளம்பிடுவார்." டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா நானும் கேட்கணும்னு நினைக்கிறேன். உன் வீட்ல ஏன் ஒண்ணுகூட இல்ல?"

"வீட்டு ஓனர் விடமாட்டார், டாக்டர்" என்றாள் மாத்திரை.

அது பொய். வீட்டுச் சொந்தக்காரருக்கு நாயும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான். விஷயம் அவள் அக்கா.

இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் அக்காவும் அவளும் மட்டும் இருந்தார்கள். அக்கா ஜன்னலோரம் மெஷின் போட்டு, கம்பெனிச் சட்டைகளுக்குக் காலர் தைப்பவள். தங்கை ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்ப்பதாகத்தான் அக்காவுக்குத் தெரியும். மாத்திரை தினமும் காப்பகத்திலேயே சோப்புப் போட்டுக் குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

அக்காவுக்கு ஒரு மகள் இருந்தாள். எட்டு வயது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் தெருவில் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சியபோது, அது கையில் கடித்துவிட்டது. சின்னக் கடி. இரண்டு பல் பட்ட தடம். பாப்பா நேரே சித்தியிடம் வந்தாள். "சித்தி, அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஊசி போடுவாங்க. ப்ளீஸ் சித்தி." சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. குட்டிதானே என்று நினைத்தாள். தண்ணீரில் கழுவி, ஒரு பிளாஸ்திரி ஒட்டி, கையில் அடித்துச் சத்தியமும் செய்து கொடுத்தாள். ஆறு வாரம் கழித்துப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இறுகியது. ஐந்தாவது நாள் எல்லாம் முடிந்துவிட்டது. எப்போது கடித்தது, எங்கே கடித்தது என்று டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டபோது அக்கா தெரியாது என்றாள். சித்தி வாயே திறக்கவில்லை.

ஏழு வருஷம் அப்படியே போயிற்று. ஒருநாள் தெருநாய்களுக்கு ஊசி போடும் முகாம் ஒன்றைக் கடந்து போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். "சும்மா நிக்கிறியேம்மா, இந்த நாயக் கொஞ்சம் பிடிக்கிறியா?" என்றார் வாத்தியார். அன்று அறுபது நாய்களைப் பிடித்தாள். மறுநாளும் போனாள். பிறகு நிற்கவே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே குட்டியை ஒரு துணிப்பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போனுக்குக் காத்திருந்து பயனில்லை என்று ஆகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் வேண்டாம் என்றார். பஸ் நிறுத்தத்துப் பழக்கடை அம்மா குட்டியின் தலையைத் தடவி, ஒரு பிஸ்கட் கொடுத்து, வேண்டாம் என்றாள். இஸ்திரிக் கடைக்காரர் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. அடுக்குமாடிக் காவலாளி ஒருவர், "நானே இங்க ஒண்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். தெரியாத தெருக்களில் தெரியாத கதவுகளைத் தட்டினாள். கதவைத் திறந்தவுடன் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தவர்கள் அப்படியே சாத்தினார்கள். ஒரு வீட்டில் தட்டியபோது அவள் சொல்ல வந்தது வாயில் வரவில்லை. "ப்ளீஸ்" என்று மட்டும் வந்தது. அந்த வீட்டு ஆள் பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து, இருங்க என்று சொல்லிவிட்டு ரொட்டி எடுத்து வந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். குட்டிக்குப் பசித்தது.

மூன்று மணிக்குக் கால் இரண்டும் மரத்துப்போயின. ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். குட்டி கோணல் பக்கமாக மென்று பாதியைச் சிந்தியது. எங்காவது பெரிய வீட்டு வாசலில் விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்படி ஒரு வாசலையும் பார்த்தாள். பையிலிருந்து இறக்கி விட்டு, பத்தடி நடந்தும் போனாள். குட்டி அவள் நடந்த அதே வேகத்தில் பின்னாலேயே வந்து, அவள் நின்றதும் நின்று, செருப்பின்மேல் உட்கார்ந்துகொண்டது. அவள் நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள். பார்ப்பவர்கள் பார்த்தார்கள்.

ஐந்து மணிக்கு நகராட்சி வண்டி வந்தபோது அவள் காப்பகத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரர் வயதானவர். கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"ஏம்மா, ஒரு நாய்னு எழுதியிருக்கு. எங்க?"

மேஜைமேல் தத்துப் பதிவேடு திறந்தே இருந்தது. அவள் பேனாவை எடுத்தாள். எடுப்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். விலாசம் என்ற இடத்தில் அக்கா வீட்டு விலாசத்தை எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"தத்து போயிடுச்சுங்க."

"யாரு எடுத்தா?"

"நான்தான்."

அவர் பதிவேட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், மேஜைக்கு அடியில் அசைந்த பையையும் பார்த்தார். "அப்ப எனக்கு வேலையில்ல. நல்லா இருங்க" என்று தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார்.

அன்று அவள் குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனாள்.

படி ஏறியதும் திறந்த மொட்டைமாடி. அதைத் தாண்டித்தான் வீட்டுக் கதவு. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஏன் அங்கயே நிக்கிற? அது என்ன நாத்தம்?" என்று அக்கா திரும்பினாள். பையிலிருந்து தலை நீட்டியதைப் பார்த்தாள். மெஷின் நின்றது. அக்கா எழுந்து பின்னால் நகர்ந்து, சுவரில் முதுகு முட்டி நின்றாள்.

"வெளிய. வெளிய கொண்டுபோ அத!"

"உள்ள வரமாட்டேன் அக்கா. நான் சொல்றத மட்டும் கேளு. நான் லாண்டரியில வேலை செய்யல. நாலு வருஷமா நாய்க் காப்பகத்துல இருக்கேன்."

மாத்திரை பையை மாடித் தரையில் இறக்கிவைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. பாப்பாவ நாய்க்குட்டி கடிச்சது எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். ஊசிக்குப் பயந்து என்கிட்ட வந்தா. நான்தான் பிளாஸ்திரி போட்டு மறைச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டப்பவும் சொல்லல. நீ என்ன அடிச்சாலும் சரி, வெட்டினாலும் சரி."

அக்கா அடிக்கவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பிளாஸ்திரிய நான் பார்த்தேன்" என்றாள்.

"அக்கா?"

"குளிப்பாட்டும்போது பார்த்தேன். என்னடி இதுன்னு கேட்டேன். சறுக்குமரத்துல கீறிடுச்சும்மா, சித்தி ஒட்டிவிட்டாங்கன்னா. பிரிச்சுக் காட்டுன்னேன். எரியும்மா, வேணாம்னா. மறுநாள் நூத்தியிருபது காலர் கொடுக்கணும். சரி போன்னு விட்டுட்டேன். டாக்டர் கேட்டப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. தெரியாதுன்னு சொன்னேன். பெத்தவ, பார்த்துட்டு விட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப இத்தனை வருஷமா..."

"இத்தனை வருஷமா நீ எப்ப வாயத் திறப்பேன்னு பார்த்துட்டு இருந்தேன். நீ சொன்னா நானும் சொல்லணும். அதனால நீ சொல்லாம இருக்கறதே நல்லதுன்னும் இருந்தேன்."

இருவரும் அழுதார்கள். ஒருத்தி கதவுக்கு உள்ளே, ஒருத்தி வெளியே. யாரும் யாரையும் தொடவில்லை. குட்டி பையிலிருந்து இறங்கி மாடியில் தேங்கிய தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது.

இருட்டத் தொடங்கியபோது அக்கா கேட்டாள்: "ஊசி போட்டாச்சா?"

"மத்த ஊசியில முதல் தவணை போட்டாச்சு. வெறிநாய் ஊசி இல்ல. மூணு மாசம் ஆனாத்தான் போடுவாங்க. பதினாறாம் தேதி."

"இன்னிக்கு நாலு." அக்கா விரல்விட்டு எண்ணினாள். "பதினாறு வரைக்கும் மாடியிலயே கிடக்கட்டும். வாசப்படி தாண்டக்கூடாது. ஊசி போடாம ஒருத்தர் கையிலயும் கொடுக்கக்கூடாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அந்தப் பன்னிரண்டு நாளும் லேசாகப் போகவில்லை. அக்கா வாசல் கதவை எந்நேரமும் தாழ் போட்டே வைத்திருந்தாள். தங்கையிடம் பேசினால் குட்டியைப் பற்றி மட்டும் பேசினாள். "அது கத்துது." "வெயில் அந்தப் பக்கம் வந்துடுச்சு." சில நாள் அதுவும் இல்லை. மாத்திரை இரண்டு தடவை பெட்டியைக் கட்டிவைத்து, இரண்டு தடவையும் பிரித்தாள். டாக்டரம்மா கிளினிக்கில் வேலை தருவதாகச் சொன்னார். அதற்குச் சம்மதம் சொல்லவும் தெம்பு இல்லை. தத்துக்கு யாரும் கேட்டு வரவில்லை.

பதினாலாம் தேதி அக்காவின் மெஷின் நூலை அறுக்க ஆரம்பித்ததால் மெஷின் ரிப்பேர்காரர் வந்தார். தொப்பையும் எண்ணெய்க் கறையும் வாய் ஓயாத பேச்சுமாக, வருஷக்கணக்காக வந்துபோகிறவர். மாடியில் கால் வைத்ததும் குட்டி ஓடிவந்து அவருடைய பையின் வாரைப் பிடித்து இழுத்தது.

"அடேங்கப்பா! என்ன இது, பார்த்தவுடனே இப்படிச் சிரிக்கிற?"

"சிரிக்கலங்க. தாடை உடைஞ்சு கோணிடுச்சு" என்றாள் மாத்திரை.

"அது தெரியுதும்மா. எனக்குச் சிரிக்கிற மாதிரித்தானே இருக்கு?" என்று தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மெஷின் பக்கம் போகவே அரைமணி நேரம் ஆயிற்று. போகும்போது, "யாருக்காவது கொடுக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லுங்க. கடைக்குப் பின்னாடி இடம் இருக்கு. ரெண்டு பொண்ணுங்க, நாய் நாய்னு என் உயிர வாங்குறாங்க" என்றார்.

"பொண்ணுங்களுக்கு என்ன வயசு?" அக்கா கதவுக்குள்ளிருந்து கேட்டாள்.

"பெரியவளுக்குப் பதினொண்ணு. சின்னவளுக்கு எட்டு."

அக்கா தாழை நீக்கி வாசற்படிவரை வந்தாள்.

"கடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"இதுவா? இதுபோய்..."

"கடிச்சா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "மருந்து தடவி..."

"இல்ல. முதல்ல சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவணும். கடிகாரத்தப் பார்த்துக் கழுவணும். அன்னிக்கே ஆஸ்பத்திரி. குட்டிதானே, சின்னக் கடிதானேன்னு விடக்கூடாது. இதுக்கு ஊசி போட்டிருக்கேன்னும் விடக்கூடாது. தெருவில எது கடிச்சாலும் அப்படித்தான். புள்ளைங்க ஊசிக்குப் பயந்து மறைப்பாங்க. சொன்னா திட்டமாட்டோம்னு இப்பவே சொல்லிவைங்க. தினமும் சொல்லுங்க. நாளன்னிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால எனக்குக் கேட்கணும்."

"சரிங்க" என்றார் அவர்.

பதினாறாம் தேதி காலையில் டாக்டரம்மா மாடிக்கே வந்து ஊசி போட்டார். மாத்திரை பிடித்துக்கொண்டாள். அக்கா ஐந்தடி தள்ளி நின்று, மருந்து முழுதும் இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சாயங்காலம் ரிப்பேர்காரர் பெண்கள் இருவரோடு வந்தார். அக்கா அவர்களைப் படியில் உட்காரவைத்து, தான் கீழே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை நிமிஷம்? எதால் கழுவணும்? யாரிடம் சொல்லணும்? பெரியவள் கடகடவென்று ஒப்பித்தாள். சின்னவள் நடுவில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, சும்மா நக்கினாலும் பதினஞ்சு நிமிஷமா?"

அக்கா அந்தக் குழந்தையின் கைகளை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள்.

"புண்ணு இருந்தா கழுவணும். இல்லன்னா நக்கட்டும், பரவாயில்ல."

குட்டியை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு மூவரும் இறங்கிப் போனார்கள். கீழே தெரு திரும்பும்வரை சின்னவளின் குரல் கேட்டது. மாத்திரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

"அக்கா, என்ன மன்னி..."

"மன்னிச்சியான்னு கேட்காதே" என்றாள் அக்கா. "என்கிட்ட பதில் இல்ல. நானும் உன்கிட்ட கேட்கல." மாடியில் கிடந்த தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள். "அந்த டாக்டரம்மா வேலை தரேன்னு சொன்னாங்களாமே. காலையில ஊசி போடும்போது என்கிட்ட சொன்னாங்க. போறியா?"

"போகட்டுமா?"

"போ. எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ."

அக்கா மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து மாடியைப் பெருக்க ஆரம்பித்தாள். மாத்திரை உள்ளே போய்த் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினாள். வாசல் கதவு திறந்தே கிடந்தது.